எல்கேஜியில் அந்த ‘ஜி’ எதற்கு? கிண்டர்கார்டனை உருவாக்கிய ஃப்ரோபெலின் கதை

போன வருடம் என் அக்கா மகளுக்கு எல்கேஜி சேர்க்கை. வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு எக்ஸெல் ஷீட் போட்டோம். டேட்டாவை வைத்துப் பிழைப்பு நடத்தும் ஒருவர் இருக்கும் வீட்டில் வேறெப்படி நடக்கும்? 9 பள்ளிகள், 11 காலம். கட்டணம், தூரம், வேன், சிசிடிவி, ஏசி வகுப்பறை, எந்த வயதில் எழுதக் கற்றுக்கொடுக்கிறார்கள், இப்படி. தோட்டம் என்று ஒரு காலம் போட எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

ஆனால் எல்கேஜி என்ற மூன்று எழுத்தில் கடைசி எழுத்து அதைத்தான் சொல்கிறது. கிண்டர் என்றால் ஜெர்மன் மொழியில் குழந்தைகள். கார்டன், அதாவது ஜெர்மானியர்கள் எழுதும்போது கார்ட்டன், தோட்டம். நீங்களும் நானும் 2 வருடம் ‘குழந்தைகள் தோட்டத்தில்’ படித்திருக்கிறோம். அதில் எத்தனை நாள் கையில் மண் பட்டது என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தப் பெயரை வைத்தவருக்கு அது வெறும் உவமை இல்லை. நிஜமாகவே பாத்தி கட்டி, குழந்தைக்கு ஒரு பாத்தி என்று பிரித்துக் கொடுத்தவர் அவர். பெயர் ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல். கிறிஸ்தவப் போதகர் ஒருவரின் மகன். கடவுளை நம்பியே வாழ்ந்த மனிதர். ஆனால் நாத்திகம் பரப்புகிறது என்று சொல்லித்தான் அவருடைய பள்ளிகளை அரசு இழுத்து மூடியது. அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார்.

எப்படி இது நடந்தது? கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சுவர்களுக்கு நடுவே ஒரு பையன்

1782 ஏப்ரல் 21. இன்றைய ஜெர்மனியின் நடுப்பகுதியில், துரிங்கியா காட்டுப் பகுதியில் ஓபர்வைஸ்பாக் என்ற ஊரில் ஃப்ரோபெல் பிறந்தார். அப்பா லூத்தரன் சபையின் போதகர். பல கிராமங்களில் சிதறிக் கிடந்த சுமார் 5,000 பேருக்கு அவர் ஒருவர்தான் எல்லாமும். வீட்டில் இருக்க அவருக்கு நேரமே கிடையாது. குழந்தைக்கு 9 மாதம் ஆனபோது அம்மா இறந்துவிட்டார்.

பிறகு சித்தி வந்தார். ஆரம்பத்தில் பாசமாகத்தான் இருந்திருக்கிறார். அவருக்கென்று ஒரு குழந்தை பிறந்ததும் நிலைமை மாறியது. ஜெர்மன் மொழியில் நெருங்கியவர்களை அழைக்க, நம் ‘நீ’ மாதிரி, ஒரு சொல் உண்டு. சித்தி அந்தச் சொல்லை இந்தப் பையனிடம் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டார். எதிரில் நிற்கும் சிறுவனிடம், யாரோ மூன்றாவது ஆளைப் பற்றிப் பேசுவதுபோல் பேசினார். நம் வீடுகளில் கோபம் வந்தால் ‘அவரைச் சாப்பிட வரச் சொல்லு’ என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வோமே, கிட்டத்தட்ட அப்படி. ஆனால் இங்கே அது ஒரு சாயங்காலச் சண்டையோடு முடியவில்லை. பல பத்தாண்டுகள் கழித்துத் தன் கதையை எழுத உட்கார்ந்தபோதும் ஃப்ரோபெலுக்கு அந்த இலக்கண மாற்றம் மறக்கவில்லை.

போதகர் வீட்டைச் சுற்றிச் சுவர், வேலி, பக்கத்திலேயே தேவாலயம். வெளியே போக அனுமதி குறைவு. பையனுக்குக் கிடைத்தது வீட்டுத் தோட்டமும் மேலே தெரிந்த வானமும்தான். ஊர் ஆண்பிள்ளைகள் பள்ளியில் அப்பாவுக்கு நம்பிக்கை இல்லாததால் பெண்பிள்ளைகள் பள்ளியில் சேர்க்கப்பட்டான். மற்ற நேரத்தில் செடிகளோடு பேச்சு.

இந்த இடத்தில் அவருடைய மூத்த அண்ணன் கிறிஸ்டோஃப் வருகிறார். அப்பாவிடம் சபைக்காரர்கள் குடும்பச் சண்டைகளைக் கொண்டுவருவார்கள். அதைக் கேட்டுக்கேட்டு, ஆண் பெண் என்று மனிதர்கள் இரண்டாகப் பிரிந்திருப்பதே ஏதோ தப்பு என்று சின்னப் பையனுக்குத் தோன்றிவிட்டது. விடுமுறைக்கு வந்த கிறிஸ்டோஃப் இதைக் கேட்டு உபதேசம் செய்யவில்லை. தோட்டத்தில் ஹேசல் என்ற கொட்டைமரத்தின் மொட்டைக் காட்டினார். அதில் ஊதா கலந்த சிவப்பில் நூல் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது பெண் பூ. செடிகளிலும் ஆண் பெண் உண்டு, அது சண்டைக்காக இல்லை என்று விளக்கினார். அன்றைக்குப் பையனின் பயம் போனது. கடவுளைப் பற்றிய கேள்விக்கு ஒரு செடியில் பதில் கிடைத்தது. இந்த ஒரு காட்சியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

லிங்க்ட்இனில் இருந்திருந்தால்

10 வயதில் தாய்மாமா வந்து தன் ஊருக்கு அழைத்துப் போனார். அவரும் ஒரு போதகர்தான், ஆனால் அங்கே சுவர் இல்லை. வயது பிள்ளைகளோடு ஓடி விளையாட முதல்முறையாக விட்டார்கள். 15 வயதில் வனத்துறை வேலை கற்றுக்கொள்ள ஒரு வனக்காவலரிடம் சேர்த்தார்கள். அவருக்குச் சொல்லிக்கொடுக்க நேரமில்லை. 2 வருடம் காட்டில் தானாகச் சுற்றி, தாவரவியல் புத்தகங்களை வைத்துக்கொண்டு பையன் தானே படித்தான்.

யேனா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த இன்னொரு அண்ணனுக்குப் பணம் கொண்டுபோய்க் கொடுக்கப் போனவர், அங்கேயே மாணவராகத் தங்கிவிட்டார். பிறகு கையிலிருந்த காசை அதே அண்ணனுக்குக் கடன் கொடுத்தார். அது திரும்பவில்லை. சாப்பாட்டுக் கடனைக் கட்ட முடியாமல், பல்கலைக்கழகத்தின் சொந்தச் சிறையில் 9 வாரம் இருந்தார். ஆமாம், அந்தக் காலத்தில் ஜெர்மன் பல்கலைக்கழகங்களுக்குச் சிறை இருந்தது. அப்பாவின் சொத்தில் பங்கு கேட்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் வெளியே வந்தார்.

அதற்குப் பிறகு வன அலுவலகத்தில் குமாஸ்தா, நில அளவையர், ஒரு பண்ணையில் செயலாளர். 1805-ல் கட்டடக் கலை படிக்கலாம் என்று ஃபிராங்ஃபர்ட் போனார். அங்கே ஒரு பள்ளித் தலைமையாசிரியர் இவரோடு பேசிப் பார்த்துவிட்டு, கட்டடத்தை விடு, பாடம் நடத்த வா என்று அழைத்தார். 23 வயதில், தற்செயலாக, ஆசிரியர்.

வேலை மாறி மாறி, எதுவும் பிடிபடாமல் இருபதுகளைக் கடக்கிற எவருக்கும் இந்தப் பயோடேட்டா பழக்கமானதாகத்தான் இருக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கிண்டர்கார்டன் வருவதற்கு இன்னும் 30 வருடத்துக்கு மேல் இருக்கிறது.

அந்த நாட்களில் ஐரோப்பாவில் கல்வி என்றால் சுவிட்சர்லாந்தின் பெஸ்டலோசிதான். மனப்பாடத்துக்குப் பதிலாக, பொருளைப் பார்த்துத் தொட்டு அறிந்துகொள்ள வேண்டும் என்றவர். ஃப்ரோபெல் அவரிடம் போய், தான் டியூஷன் எடுத்த பணக்கார வீட்டுப் பையன்களோடு 1808 முதல் 1810 வரை தங்கியே கற்றார். சுவிட்சர்லாந்து போவதற்கு முன்பே அந்தப் பையன்களின் அப்பாவிடம் ஒரு துண்டு நிலம் கேட்டு வாங்கி, அவர்களோடு சேர்ந்து தோட்டம் போட்டிருக்கிறார். அதுதான் அவருடைய முதல் பாத்தி.

பிறகு கல்லூரி வாழ்க்கை மறுபடியும். 1813-ல் நெப்போலியனுக்கு எதிரான தன்னார்வப் படையில் சேர்ந்தார். போர் முடிந்து பெர்லினில் கனிமவியல் பேராசிரியர் வைஸ் என்பவரிடம் அருங்காட்சியக உதவியாளர் வேலை. நாள் முழுக்கப் படிகக் கற்களை வகைப்படுத்துவது. கனசதுரம், எண்முகம், அறுகோணம். உயிரில்லாத கல்கூட உள்ளிருந்து ஒரு ஒழுங்கோடு வளர்கிறது என்பது அவரை ஆட்டிவைத்தது. செடியில் பார்த்ததைக் கல்லிலும் பார்த்தார். கல், செடி, குழந்தை, எல்லாவற்றிலும் ஒரே கடவுளின் ஒழுங்குதான் இயங்குகிறது என்பது அவருடைய நம்பிக்கையின் மையமாயிற்று.

ஏன் அந்த வேலையை விட்டார்? ஹேசல் மொட்டைக் காட்டிய அண்ணன் கிறிஸ்டோஃபும் அதற்குள் போதகராகியிருந்தார். 1813-ல் போரில் நோயுற்ற வீரர்களுக்குப் பணிவிடை செய்யப்போய், டைஃபஸ் காய்ச்சல் தொற்றி இறந்துவிட்டார். 3 மகன்கள் அப்பா இல்லாமல் நின்றார்கள். 1816-ல் ஃப்ரோபெல் பெர்லின் வேலையை விட்டுவிட்டு அந்தக் கிராமத்துக்குப் போனார். அந்த 3 பேர், இன்னொரு அண்ணனின் 2 மகன்கள், மொத்தம் 5 பேரை வைத்துப் பள்ளி ஆரம்பித்தார். அடுத்த வருடமே கைல்ஹாவ் என்ற கிராமத்துக்கு மாறியது. போரில் உடன் இருந்த நண்பர்கள் மிட்டென்டார்ஃப், லாங்கெதால் இருவரும் வந்து சேர்ந்தார்கள்.

கைல்ஹாவ் ஒரு கட்டத்தில் 60 மாணவர்களை நெருங்கியது. பிறகு, புரட்சிக்காரர்களை உருவாக்குகிறார்கள் என்ற சந்தேகம் கிளம்பியது. அரசு அனுப்பிய அதிகாரி பள்ளியைப் பாராட்டித்தான் அறிக்கை கொடுத்தார். ஆனாலும் பெற்றோர் பயந்துவிட்டார்கள். 1820-களின் முடிவில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே பிள்ளைகள் மிஞ்சினார்கள். 1826-ல் வெளியான அவருடைய பெரிய நூல் ‘மனிதனின் கல்வி’யை வாங்கவும் ஆள் குறைவு. உண்மையைச் சொன்னால் அது எளிதாகப் படிக்கக்கூடிய நூல் இல்லை.

6 கம்பளிப் பந்துகள்

பள்ளி நடத்தியதில் ஃப்ரோபெல் ஒன்றைக் கண்டுகொண்டார். பள்ளிக்கு வரும் வயதிலேயே பிள்ளைகள் பாதி உருவாகிவிட்டார்கள். சரிசெய்வதென்றால் இன்னும் முன்னாலேயே தொடங்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் ஒரு அநாதை இல்லத்தைப் பார்த்துக்கொண்டபோது இந்த எண்ணம் உறுதியானது.

1837-ல், 55 வயதில், பாட் ப்ளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சின்னக் குழந்தைகளுக்கான இடத்தைத் தொடங்கினார். முதலில் அதற்கு வைத்த பெயரை ஜெர்மன் மொழியில் ஒரே மூச்சில் சொல்ல முடியாது. அர்த்தம், சிறு குழந்தைகளுக்கு ஈடுபாடு தரும் நிறுவனம் என்பதுபோல வரும். அரசு ஆணையில் வரவேண்டிய பெயர். அவருக்கே அது பிடிக்கவில்லை. நண்பர்களோடு மலைப்பாதையில் நடந்துகொண்டிருந்தபோது, கீழே பள்ளத்தாக்கில் ஊர் தெரிந்த இடத்தில் சட்டென்று நின்று, கிடைத்துவிட்டது என்று கத்தியதாக ஒரு கதை உண்டு. கத்திய சொல், கிண்டர்கார்ட்டன். 1840 ஜூன் 28 அன்று அந்தப் பெயர் முறைப்படி அறிவிக்கப்பட்டது.

உள்ளே என்ன நடந்தது என்பதுதான் முக்கியம்.

முதலில் பொம்மைகள். அவற்றை அவர் ‘பரிசுகள்’ என்றார். முதல் பரிசு, நூல் கட்டிய 6 கம்பளிப் பந்துகள், 6 நிறம். கைக்குழந்தையே பிடித்துவிடலாம். இரண்டாவது, மரத்தில் செய்த உருண்டை, உருளை, கனசதுரம். மூன்றாவது, 8 சின்னக் கனசதுரங்களாகப் பிரியும் ஒரு பெரிய கனசதுரம். அந்தப் படிகக் கற்கள் எங்கே போயின என்று இப்போது புரிகிறதா? குழந்தை அதில் நாற்காலி, படிக்கட்டு கட்டலாம், கோலம்போல் அழகாக அடுக்கலாம், பாதி, கால், அரைக்கால் என்று பிரித்துப் பார்க்கலாம். கணக்கு என்ற சொல்லே வராமல் கணக்கு உள்ளே போகும்.

கூடவே காகித மடிப்பு, பின்னல், களிமண். 1844-ல் அம்மாக்களுக்காக ஒரு பாட்டுப் புத்தகம் போட்டார், ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு விரல் விளையாட்டு. நம் பாட்டிகள் குழந்தையின் உள்ளங்கையில் பருப்பு கடைந்து, ஒவ்வொரு விரலுக்கும் ஊட்டிவிட்டு, கடைசியில் கையில் நண்டு ஊற விடுவார்களே, அந்த ரகம். கிராமத்து அம்மாக்கள் விளையாடுவதை உட்கார்ந்து கவனித்துச் சேகரித்தார். ஒன்றில் விரல்களால் தேவாலய ஜன்னல்கூடக் கட்டுவார்கள். பக்தி இருந்தது. மனப்பாட வேதபாடம் இல்லை.

அப்புறம் தோட்டம். அவர் போட்ட வரைபடத்தில் நடுவில் சின்னச் சின்னப் பாத்திகள், ஒவ்வொன்றும் ஒரு குழந்தைக்கு. அவற்றைச் சுற்றி எல்லோருக்கும் பொதுவான பாத்திகள், பூவும் காய்கறியும் தானியமும். பொது இடத்தில் எல்லோரும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், சொன்னபடி. ஆனால் சொந்தப் பாத்தியில் குழந்தை ராஜா. எதை வேண்டுமானாலும் நடலாம், எப்படி வேண்டுமானாலும். தண்ணீர் ஊற்ற மறந்து செடி வாடினால் வாடட்டும், பெரியவர்கள் ஓடிப்போய்க் காப்பாற்றக் கூடாது. செடியே சொல்லிக்கொடுக்கும்.

என் கணக்கில் கிண்டர்கார்டனின் உயிர் அந்த வாடிய செடியில்தான் இருக்கிறது. சுவருக்குள் தனியாக இருந்த பையன், பிற்காலத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு துண்டு மண்ணையும், அதைச் சுற்றி மற்ற குழந்தைகளையும் வைத்திருக்கிறான்.

இன்னொரு முடிவும் பெரியது. இந்த வேலைக்குப் பெண்களைப் பயிற்றுவிக்க வேண்டும் என்றார். சம்பளத்துக்குப் பெண்கள் பாடம் நடத்துவதை ஆண் ஆசிரியர்களே கேலி செய்த காலம். இதில் அவரை முழுதாகப் பாராட்டிவிடவும் முடியாது. பெண் என்றால் தாய்மை, ஆகவே குழந்தை வேலை என்பதுதான் அவருடைய வாதம். இன்றைக்கும் மழலையர் பள்ளி ஆசிரியைக்கு ஏன் இவ்வளவு குறைவான சம்பளம் என்று தேடினால், அந்த வாதத்தின் நிழல் தட்டுப்படும். ஆனால் திருமணம் ஒன்றைத் தவிர வழி தெரியாமல் நின்ற பெண்களுக்கு அன்று அது ஒரு தொழிலைத் திறந்துவிட்டது என்பதும் நிஜம்.

பணம்தான் எப்போதும் இல்லை. பங்குகள் விற்று நிதி திரட்டப் பார்த்தார். இன்றைய மொழியில் கிரவுட்ஃபண்டிங். தோற்றுப்போனது.

தடை வந்தது எப்படி?

1849-ல் பாட் லீபன்ஸ்டைன் என்ற ஊருக்கு ஓய்வெடுக்க வந்த பெர்தா ஃபான் மாரன்ஹோல்ட்ஸ்-ப்யூலோவ் என்ற பிரபுக் குடும்பப் பெண்ணிடம், இங்கே ஒரு கிழட்டுப் பைத்தியம் கிராமத்துப் பிள்ளைகளோடு ஆடிப்பாடிக்கொண்டு திரிகிறது என்று ஊர்க்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர் போய்ப் பார்த்தார். ஃப்ரோபெலுக்கு வாழ்க்கையில் கிடைத்த மிக முக்கியமான ஆதரவாளர் அப்படித்தான் கிடைத்தார்.

அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜெர்மன் மாநிலங்களில் புரட்சி வெடித்து அடங்கியிருந்தது. அரசுகளுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். ஃப்ரோபெலின் அண்ணன் மகன் கார்ல் ஃப்ரோபெல், பெண்களின் உயர்கல்வியையும் கிண்டர்கார்டனையும் பற்றி ஒரு சிறு நூல் போட்டிருந்தார். கார்லின் அரசியல் வேறு, சோஷலிசப் பக்கம் சாய்ந்தவர். சித்தப்பாவுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஆனால் ஆவணத்தில் தெரிந்தது ஒரே குடும்பப் பெயர்தான்.

1851 ஆகஸ்ட் 7. பிரஷ்யாவின் கல்வி, சமய விவகார அமைச்சர் ராவ்மர் உத்தரவு போட்டார். கிண்டர்கார்டன்கள் பிள்ளைகளை நாத்திகத்துக்கும் சோஷலிசத்துக்கும் பழக்குகின்றன, எனவே தடை. டேட்டாபேஸில் இரண்டு பேருடைய பதிவு கலந்துபோனால் என்ன ஆகும் என்று எங்கள் தொழிலில் புதிதாக வருபவர்களுக்குச் சொல்ல நான் இதைத்தான் உதாரணமாக வைத்திருக்கிறேன்.

ஆனால் இது வெறும் பெயர்க் குழப்பம் என்று விட்டுவிடவும் முடியாது. அது நானில்லை, என் அண்ணன் மகன் என்று ஃப்ரோபெல் விளக்கம் எழுதினார். மன்னர்வரை முறையீடு போனது. தடை நீங்கவில்லை. அமைச்சருக்கு அந்தக் குழப்பம் வசதியாக இருந்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. காரணம் இதுதான். அன்றைய பழமைவாதச் சபையின் பார்வையில் குழந்தை பாவத்தோடு பிறக்கிறது, அதைப் போதித்துத் திருத்த வேண்டும். ஃப்ரோபெலின் குழந்தை கடவுளின் ஒழுங்கைத் தனக்குள் வைத்துக்கொண்டே பிறக்கிறது, மண்ணும் வெளிச்சமும் கொடுத்தால் போதும். இருவரும் பைபிள் படித்தவர்கள். ஆனால் இரண்டாவது கிறிஸ்தவத்தில் போதகருக்கும் காவலருக்கும் வேலை குறைவு.

தடைக்குச் சில வாரம் முன்புதான், தன் மாணவியும் சக ஊழியருமான லூயிஸ் லெவினை அவர் மறுமணம் செய்திருந்தார். முதல் மனைவி ஹென்ரியெட்டா 1839-லேயே இறந்துவிட்டார். 1852 ஜூன் 21 அன்று மாரியன்தாலில், 70 வயதில் ஃப்ரோபெல் இறந்தார். பிரஷ்யாவில் அப்போது ஒரு கிண்டர்கார்டன்கூடச் சட்டப்படி இயங்க முடியாது. தடை விலக்கப்பட்டது 1860-ல்.

தடை செய்தவர்கள் எதிர்பாராத ஒன்று நடந்தது. புரட்சி தோற்று நாட்டைவிட்டு ஓடியவர்கள், ஓடும்போது கிண்டர்கார்டனையும் தூக்கிக்கொண்டு போனார்கள். தடை வந்த அதே 1851-ல் லண்டனில் ஒன்று திறந்தது. 1856-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் வாட்டர்டவுனில் மார்கரெத்தே ஷுர்ஸ் தன் மகளையும் உறவுக் குழந்தைகளையும் வைத்துத் தொடங்கினார். 1876-ல் டோக்கியோ. கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் சிறுவயதில் விளையாடிய மரக்கட்டைகள் ஃப்ரோபெலுடையவை. அந்தக் கட்டைகளைத் தன் விரல்கள் மறக்கவில்லை என்ற பொருளில் அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

ஆனால் பயணத்தில் சாமான் குறையும் இல்லையா? பெட்டியில் போடக்கூடிய கட்டைகள் போய்ச் சேர்ந்தன. பாத்தியை எப்படிப் பெட்டியில் போடுவது? நகரத்து வகுப்பறைகளில் கட்டம் போட்ட மேஜைமேல், டீச்சர் சொல்ல, எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் ஒரே கட்டையை எடுத்துவைக்கும் டிரில் ஆனது விளையாட்டு. இதில் ஃப்ரோபெலுக்கும் பங்கு உண்டு. எந்தப் பரிசு எந்த வரிசையில், எல்லாக் கட்டையும் பயன்பட வேண்டும் என்றெல்லாம் அவரே விதிகள் எழுதிவைத்திருந்தார்.

இந்தியாவில்?

கிண்டர்கார்டன் என்ற சொல் நமக்கு ஆங்கிலம் வழியாக வந்து, எல், யூ என்று இரண்டாகப் பிரிந்து, ஒன்றாம் வகுப்புக்கான தயாரிப்பாக மாறியது. பாத்தியின் பக்கம் போனவர்கள் வேறு பெயரில் போனார்கள். மகாராஷ்டிரத்தின் கோஸ்பாட்டில் தாராபாய் மோடக்கும் அனுதாய் வாக்கும் பழங்குடிப் பிள்ளைகள் பள்ளிக்கு வராதபோது, அவர்கள் வீட்டு முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுபோனார்கள். மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு மேய்ச்சல் நிலத்திலேயே வகுப்பு. அங்கன் என்றால் முற்றம். 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகள் அந்த முற்றத்தின் பெயரில்தான் இருக்கின்றன. இன்று நாடு முழுக்கச் சுமார் 14 லட்சம். எத்தனைக்கு முற்றம் இருக்கிறது என்பது வேறு கட்டுரை.

2020 தேசியக் கல்விக் கொள்கை 3 முதல் 8 வயது வரையான 5 ஆண்டுகளை ஒரே கட்டமாக்கி, விளையாட்டு வழிக் கற்றலே அதன் அடிப்படை என்கிறது. காகிதத்தில் ஃப்ரோபெல் ஜெயித்துவிட்டார்.

இந்தக் கட்டுரைக்காக அந்த எக்ஸெல் ஷீட்டைத் திரும்பத் திறந்தேன். 12-வது காலம் சேர்த்து, ஒவ்வொரு பள்ளியாக அக்காவிடம் கேட்டு நிரப்பினோம். இரண்டுக்கு ‘உண்டு’ என்று போட்டோம். அதில் ஒன்றில் செடிகள் எல்லாம் கேட்டுக்கு வெளியே, பெயர்ப் பலகைக்கு அடியில் என்று அக்காவுக்கு ஞாபகம் வந்தது. அதை அழித்தேன். மற்றது வீட்டிலிருந்து 14 கிலோமீட்டர், வேன் கிடையாது. பாப்பா அங்கே சேரவில்லை. பால்கனியில் ஒரு தொட்டியில் அவள் வெந்தயம் விதைத்திருக்கிறாள். தினமும் தோண்டிப் பார்ப்பதால் இன்னும் முளைக்கவில்லை.